கால்வாய்க்கு மேல் கட்டலாமா?

(ரந்தாவ் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பள உயர்வு, போனஸ், மழைநாள் சம்பளம் என்று பேச வேண்டிய மேடையிலே கால்வாயைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் முணுமுணுக்கலாம். முணுமுணுப்பதில் தவறில்லை. ஆனால், சங்கம் பேசி வாங்கித் தரும் வெள்ளி எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? இருபது, முப்பது ஆண்டுகள் பால் வெட்டியும் குலை அறுத்தும் சேர்த்த பணம், 55 வயதிலே சேமநிதியிலிருந்து கைக்கு வருகிறது. அதிலே பெரும்பங்கு வீட்டுக்குப் பின்புறம் ஒரு சமையற்கட்டாகவோ, பிள்ளைக்கு ஓர் அறையாகவோ மாறிவிடுகிறது. அந்த அறை கால்வாய்க்கு மேலே நின்றால், ஒரு நாள் அதிகாரி கொண்டுவந்து ஒட்டும் காகிதம் ஒன்று அந்தப் பணம் முழுவதையும் இடிபாடாக்கிவிடும். அதிகாரி வராவிட்டால் மழை வரும். ஆகவே, இதுவும் தொழிலாளியின் கூலியைப் பற்றிய பேச்சுத்தான்.

ரந்தாவ் வட்டாரத்திலே நம்மவர்கள் இன்று ஒரே விதமாக வாழவில்லை. சிலர் இன்னும் தோட்டத்து வீடுகளில் இருக்கிறார்கள். சிலர் தோட்டம் கைமாறியபின் மலிவு விலைத் தொடர் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் சிலர் ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் பலகையும் தகரமும் போட்டுக் குடியிருக்கிறார்கள். இந்த மூன்று இடத்திலும் குடும்பம் பெருகுகிறது, வீடு பெருகுவதில்லை. பின்பக்கம் தள்ளிக் கட்டலாம் என்ற எண்ணம் அதனாலே வருகிறது. பின்பக்கம் இருப்பதோ கால்வாய்!

கால்வாய் நமக்குப் புதிதல்ல

இந்த நாட்டின் கால்வாய்களை வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் யார் என்று கேட்டால், நம் பாட்டன்மார்கள் என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். ரப்பர்க் காடு திறந்த காலத்திலே காய்ச்சல் நம் ஆட்களைக் கூட்டங் கூட்டமாகக் கொண்டுபோயிற்று. 1911ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் நாடுகளின் தோட்டங்களிலே கூலி வேலை செய்தவர்களில் 1,000 பேருக்கு 60 பேருக்கும் மேல் மாண்டார்கள் என்று அந்தக் காலத்துத் தொழிலாளர் இலாகாக் கணக்கே சொல்லுகிறது. அத்தனை பேரையும் மலேரியா ஒன்றே கொண்டுபோகவில்லை. ஆயினும் அதன் பங்கு மிகப் பெரிது.

1901ஆம் ஆண்டில் கிள்ளானில் வைத்தியராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் என்பவர், சதுப்பு நிலத்தை வடியச் செய்தால் கொசு குறையும், கொசு குறைந்தால் காய்ச்சல் குறையும் என்று கிள்ளானிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டென்ஹாமிலும் செய்து காட்டினார். பிறகு மேட்டு நிலத் தோட்டங்களிலே வேறு வகைக் கொசு, தெளிந்து ஓடும் ஓடை நீரிலே பெருகுவதைக் கண்டார்கள். அங்கே பூமிக்கடியில் மண்குழாய் பதித்து நீரை வடித்தார்கள்; ஓடைகளில் வாரந்தோறும் எண்ணெய் தெளித்தார்கள். அந்தக் குழாயைச் சுமந்தவன், பள்ளத்தைத் தோண்டியவன், எண்ணெய் டின்னை முதுகிலே கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக அலைந்தவன் எல்லாம் நம் தொழிலாளி. வடிகால் என்றால் உயிர் என்று மற்றவர்களுக்குப் பாடம் சொல்லக்கூடிய சமூகம் நாம். அப்படிப்பட்ட நாமே இன்று கால்வாயின் தலையிலே தூண் நாட்டலாமா?

இரண்டு விதமான வழி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வீட்டைச் சுற்றி இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற கால்வாய். நம் வாயிலே லோங்காங். மழைத் தண்ணீருக்காக ஏற்பட்டது. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத கழிவுக் குழாய். கக்கூசிலிருந்து வருவது அதன் வழியே செப்டிக் தொட்டிக்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ போகிறது. இந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்கு நம் கண்ணுக்குக் கிடைக்கிற ஒரே அடையாளம், ஆங்காங்கே தெரிகிற மேன்ஹோல் மூடி.

எது யார் பொறுப்பு? தாமானில் தெருவோரக் கால்வாய் நகராட்சியின் பொறுப்பு. நமக்கு அது சிரம்பான் மாநகர் மன்றம். சிரம்பான், நீலாய் என்று தனித்தனியே இருந்த இரண்டு மன்றங்களையும் சேர்த்து 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமைந்தது. ஆறும் பெரிய ஓடையும் வடிகால், நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. பொதுக் கழிவுக் குழாயை இண்டா வாட்டர் நிறுவனம் கவனிக்கிறது. 1994 முதல் அந்தப் பொறுப்பு நகராட்சிகளிடமிருந்து அதன் கைக்கு மாறியது. ஆனால், நம் வீட்டுக் கக்கூசிலிருந்து பொதுக் குழாய் வரை உள்ள சிறு குழாய் வீட்டுக்காரரின் பொறுப்பே. அது அடைத்துக்கொண்டால் செலவு நம்முடையது. தோட்டத்து வீடாக இருந்தால் வீடும் கால்வாயும் நிர்வாகத்தின் பொறுப்பு.

இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால், புகார்க் கடிதத்தை இண்டா வாட்டருக்குப் போட வேண்டியதை மன்றத்துக்கும், மன்றத்துக்குப் போட வேண்டியதை இலாகாவுக்கும் போட்டுவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு

தோட்டத்துக் கிராணி என்றால் கணக்குப் பார்ப்பது பழக்கம். மழையையும் கணக்கிலே போட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 20 அடி அகலம், 70 அடி நீளமுள்ள மனை ஏறக்குறைய 130 சதுர மீட்டர். நம் ஊரிலே மாலை மழை பிடித்தால் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது அதிசயமல்ல. அப்படிப் பெய்தால் ஒரு மனையிலிருந்து 6,500 லிட்டர். ஒரு வரிசையில் 20 வீடுகள் என்று வைத்துக்கொண்டால் 130,000 லிட்டர். முன்பு மனையில் மண்ணும் புல்லும் இருந்தன. கொஞ்சம் பூமி குடித்தது. இப்போது முன்னும் பின்னும் சிமெண்டு போட்டுவிட்டோம். அத்தனையும் கால்வாய்க்கே ஓடுகிறது. அதாவது, வீட்டைப் பெரிதாக்கும்போது கால்வாயின் வேலையையும் பெரிதாக்குகிறோம். அதே நேரத்தில் கால்வாயைச் சிறிதாக்கவும் செய்கிறோம்! இந்தக் கணக்கு எப்படி நேராகும்?

இன்னொரு கணக்கு. கால்வாய் 200 அடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொள்வோம். நடுவிலே ஒரு வீட்டுக்காரர் மேலே தளம் போடுவதற்காகக் கால்வாயின் அடியில் மூன்று அங்குல உயரத்துக்குச் சிமெண்டு போட்டுவிட்டார். மூன்று அங்குலந்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால், அந்தச் சரிவிலே மூன்று அங்குலத் தடுப்புக்குப் பின்னால் 50 அடி தூரத்துக்குத் தண்ணீர் தேங்கும். அதாவது, மேல்பக்கத்து இரண்டரை வீடுகளின் பின்புறம் குட்டை. குட்டையிலே மண் படியும், இலை அழுகும், கொசு முட்டையிடும். கட்டியவருடைய வீட்டில் தண்ணீர் நிற்காது. அடுத்த வீட்டிலே நிற்கும். அவர் கேட்டால் சண்டை. ஒரே லயத்திலே ஒன்றாகப் பிறந்து வளர்ந்தவர்கள் தாமானுக்கு வந்து ஒரு சாண் கால்வாய்க்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்ளும் கொடுமை இப்படித்தான் வருகிறது.

மேலே மூடி, அடியிலே விட்டுவிட்டோமே, தண்ணீர் போகத்தானே செய்கிறது என்று சிலர் கேட்கலாம். போகும், முதல் வருஷம். பிறகு பிளாஸ்டிக் பையும் மணலும் உள்ளே சிக்கும். திறந்த கால்வாயானால் ஒரு மண்வெட்டி போதும். கட்டடத்துக்கு அடியிலே 15 அடி தூரத்துக்குப் போய் எவன் மண் வாருவான்? கால்வாயின் ஆழத்திலே பாதி மண் ஏறினால், அது பழைய அளவில் பாதிக்கும் குறைவான தண்ணீரையே கொண்டுசெல்லும். மூடிக் கிடக்கும் இருட்டிலே எலி குடும்பம் நடத்தும். எலி மூத்திரம் கலந்த நீரினால் எலிக்காய்ச்சல் வரும். தேங்கிய நீரிலே ஏடிஸ் கொசு வளர்ந்தால் டிங்கி. நம் பாட்டன் எண்ணெய் தெளித்து விரட்டிய பகையை நாமே வீட்டுக்குள் அழைத்து வந்து வைத்துக்கொள்வதா?

குழாய்க்கு மேலே சுவர்

கழிவுக் குழாய் சங்கதி இதைவிடக் கடுமையானது. பழைய வீடமைப்புப் பகுதிகளிலே பல இடங்களில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். நெடுநாள் உழைக்கக்கூடியவைதான், ஆனால், தலையிலே பாரம் ஏறினால் விரிசல் விடும். குழாய் பதித்த பள்ளம் தோண்டி மூடிய மண். சுற்றிலும் உள்ள மண்ணைப்போல் இறுகியிராது. அதன்மேல் தூண் நாட்டிச் சுவர் எழுப்பினால் சுவர் இறங்கும், குழாய் உடையும். உடைந்த இடத்தின் வழியாகச் சுற்றியுள்ள மண் கொஞ்சங் கொஞ்சமாகக் குழாய்க்குள் போய்விடும். மேலே தரை அழகாகவே இருக்கும். அடியிலே பொந்து விழுந்திருக்கும். ஒரு நாள் தரை உள்வாங்கும்.

மேன்ஹோல் மூடியின்மேல் ஓடு பதித்துச் சமையற்கட்டு ஆக்கிக்கொண்ட வீட்டிலே என்ன நடக்கும்? குழாய் அடைத்துக்கொண்டால் கழிவு வேறு வழி தேடி, வரிசையில் தாழ்ந்த வீட்டின் கக்கூஸ் வழியாக மேலே வரும். சுத்தம் செய்ய வருகிறவர்கள் மூடியைத் தேடுவார்கள். அது அடுப்புக்கு அடியிலே இருக்கும். செப்டிக் தொட்டிக்கும் இதே நியாயம். அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது உறிஞ்சி எடுக்க வேண்டும். மூடியை மறைத்துவிட்டால் எப்படி எடுப்பது?

இங்கே தாய்மார்களும் இளைஞர்களும் ஒன்றைக் கவனமாகக் கேட்க வேண்டும். அடைப்பை நாமே எடுத்துவிடலாம் என்று மேன்ஹோலுக்குள்ளோ தொட்டிக்குள்ளோ எவரும் இறங்கக் கூடாது. உள்ளே அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயு தங்கியிருக்கும். அளவு மிகுந்தால் நாற்றமே தெரியாமல் போய்விடும், மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லை, ஆபத்து இல்லை என்று நினைத்து இறங்கியவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்கப் போனவனும் விழுவான். காற்றைச் சோதிக்கும் கருவியும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்யவேண்டிய வேலை அது. ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்க உயிரைக் கொடுக்கக் கூடாது.

சட்டம் சொல்வது என்ன?

முன்பு நமது பட்டணங்களை டவுன் போர்டு சட்டம் ஆண்டது. தீபகற்பத்து ஊராட்சிகள் அனைத்துக்கும் பொதுவாக 1974ஆம் ஆண்டில் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் வந்தது. அதன் 46ஆம் பிரிவு, ஊராட்சியின் எழுத்து அனுமதி இல்லாமல் தெருவோரத்துத் திறந்த கால்வாயை மூடுவதும் தடுப்பதும் குற்றம் என்கிறது. அபராதம் 500 வெள்ளி வரை. மறுபடி செய்தால் 1,000 வெள்ளி வரை. அபராதம் சிறிதுதானே என்று எண்ண வேண்டாம். தடையை அகற்ற மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அகற்றும் செலவு கட்டியவர் தலையிலே விழும். கட்டிய செலவு ஒன்று, இடித்த செலவு ஒன்று, அபராதம் ஒன்று. மூன்று நஷ்டம்.

அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு, முன் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. புதிய வீடு மட்டுமல்ல. இருக்கிற வீட்டோடு சேர்த்துக் கட்டுவதும், மாற்றிக் கட்டுவதும் அதில் அடங்கும். எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு 1984ஆம் ஆண்டின் ஒருசீரான கட்டட விதிகள் இருக்கின்றன. கழிவுக் குழாய்களுக்கென்று 1993இல் தனிச் சட்டம் வந்தது. இப்போது அந்த இடத்தில் 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் இருக்கிறது. அதை நடத்துவது தேசிய நீர்ச் சேவை ஆணையம்.

ஆற்றோரத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆற்றின் இரு கரையிலும் விட்டுவைக்க வேண்டிய இடத்துக்கு வடிகால், நீர்ப்பாசன இலாகா ஓர் அளவு வைத்திருக்கிறது. 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்குக் கரைக்கு 5 மீட்டர். 5 முதல் 10 மீட்டர் அகலத்துக்கு 10 மீட்டர். 10 முதல் 20 வரை 20 மீட்டர். 20 முதல் 40 வரை 40 மீட்டர். அதற்கும் மேலே 50 மீட்டர். வெள்ளம் வந்தால் ஆறு காலை நீட்டிக்கொள்ளும் இடம் அது. துப்புரவு இயந்திரம் வந்து போவதற்கும் அதுதான் வழி. சிரம்பானின் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும் லிங்கி ஆற்றுக்கு நாம் கீழ்ப்பக்கத்திலே இருக்கிறோம். மேலே நூறு தாமான் எழும்பினால் அதன் மழை நம் பக்கம் வந்துதான் கடலுக்குப் போக வேண்டும். அந்த ஆற்றிலிருந்தே போர்ட்டிக்சன் பக்கத்து மக்களுக்குக் குடிநீரும் எடுக்கிறார்கள். நாம் கால்வாயில் விடுவது எங்கோ ஒரு வீட்டுக் குடத்தை நோக்கிப் போகிறது.

சட்டம் ஏழைக்கு மட்டுமா?

தோழர்களே! இவ்வளவும் சொன்னபின் நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். ஏழை ஒருவன் ஒரு தகரத்தை இழுத்துக் கட்டினால் சட்டம் வருகிறது. பெரியவர்கள் ஓடையையே நிரப்பிக் கட்டினால் சட்டம் எங்கே போகிறது?

நியாயமான கேள்வி. இதற்குச் சென்னைப் பட்டணமே பெரிய சாட்சி. அங்கே பக்கிங்ஹாம் கால்வாய் என்று ஒன்று உண்டு. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1877–78இல், சோற்றுக்கு வழியில்லாத மக்களுக்கு நிவாரண வேலை கொடுத்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே அந்தக் கால்வாயை வெட்டி இணைத்தார்கள். அதே பஞ்ச காலங்களிலேதான் நம்மவர்களில் பலரும் கப்பலேறினார்கள். பட்டினி கிடந்தவன் வெட்டிய அந்தக் கால்வாயிலே, நூறாண்டுக்குப்பின் அரசாங்கமே பறக்கும் ரயிலுக்குத் தூண்களை நாட்டியது. 1995இலும் 1997இலும் ரயில் ஓடத் தொடங்கிற்று, கால்வாய் குறுகிப்போயிற்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, நீர்வழிகளை அடைத்ததும் ஏரிகளைத் தூர்த்ததும் முக்கியமான காரணங்களாக எடுத்துச் சொல்லப்பட்டன. அந்த வெள்ளத்திலே ஓரத்துக் குடிசையும் போயிற்று, மாடி வீட்டு மோட்டார் வண்டியும் மிதந்தது.

இதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய முடிவு என்ன? பெரியவன் கட்டினான், நானும் கட்டுவேன் என்பதா? அல்ல. மாடி வீட்டுக்காரன் மாடிக்கு ஏறிக்கொள்வான். நமக்கு ஏற மாடி இல்லை. தாழ்ந்த நிலத்திலே மலிவு வீட்டிலே இருக்கிற நமக்குத்தான் கால்வாய் அதிகம் தேவை. ஆகவே, நம் பக்கம் சுத்தமாக இருந்து, அதன்பின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். கையிலே கறை இல்லாதவன் கேட்கும் கேள்விக்குத்தான் பலம்.

கேட்க வேண்டியவை இருக்கின்றன. 2001 முதல் நடைமுறையிலுள்ள மழைநீர் வடிகால் கையேட்டின்படி, புதிய வீடமைப்புத் திட்டம் தன் மழைநீரை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிடாமல் குளம் வைத்துத் தாமதித்து விட வேண்டும். மேல்பக்கத்துத் திட்டத்திலே அந்தக் குளம் இருக்கிறதா, மண் மூடிக் கிடக்கிறதா என்று மன்றத்திடம் எழுதிக் கேட்கலாம். புது வீடு வாங்கியவர்களுக்கு, சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதங்கள் குறைகளைத் திருத்தித் தர வேண்டியது கட்டியவரின் கடமை. கால்வாய் சரிவு இல்லாமல் நீர் தேங்கினால் அந்தக் காலத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் 2002 முதல் இருந்து வரும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அதற்குள் அவசரப்பட்டுப் பின்கட்டை நாமே இடித்துக் கட்டிவிட்டால், குறை யாருடையது என்ற வாதம் எழும்பும். நம் வழக்கை நாமே கெடுத்துக்கொள்வோம்.

தோட்டத்து வீடுகளின் சங்கதி

இன்னும் தோட்டத்து வீடுகளிலே இருப்பவர்களுக்கு வேறு சட்டம். 1966இல் தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம், 446ஆம் எண் சட்டம், வந்தது. 2019இல் திருத்தி, 2020 ஜூன் முதல் தேதியிலிருந்து தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழிலாளர் விடுதிகளுக்கும் விரிவாக்கினார்கள். வீடு கொடுக்கும் முதலாளி இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும். வீட்டைப் பழுது பார்த்து வைக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது வீடுகளைப் பார்வையிட ஏற்பாடு செய்ய வேண்டும். அனுமதியில்லாமல் வீட்டை நீட்டிக் கட்டாதபடி பார்த்துக்கொள்வதும் அவர் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது.

இங்கேதான் சங்கம் கண்விழித்திருக்க வேண்டும். "நீட்டிக் கட்டாதே" என்ற பாதியை மட்டும் நிர்வாகம் படித்துவிட்டு, "பழுது பார்த்துக் கொடு" என்ற பாதியைப் புரட்டிவிடலாகாது. சமையலறை ஒழுகுகிறது, அடுப்பு நனைகிறது, ஆகவே தொழிலாளி கால்வாய்க்கு மேல் தகரம் போடுகிறான். தகரத்தைப் பிடுங்க வருகிறவர்கள் முதலில் கூரையை அடைத்துக் கொடுக்கட்டும் என்று நாம் கேட்போம். கால்வாய் உடைந்து கிடந்தால் வாரப் பார்வையின்போது சுட்டிக்காட்டி எழுதி வைக்கச் சொல்வோம். எழுதாத புகார் புகாரே அல்ல. பெரட்டுக் களத்திலே சத்தம் போட்டது பெரட்டு முடிந்தவுடன் காற்றோடு போய்விடும். தேதி போட்டு, நகல் வைத்து, ஒன்று நிர்வாகத்துக்கு, ஒன்று சங்கக் கிளைக்கு, பதில் வராவிட்டால் ஒன்று தொழிலாளர் இலாகாவுக்கு.

நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையும் மறக்கலாகாது. அவர்களுடைய குடியிருப்பின் கால்வாயும் நம் குடியிருப்பின் கால்வாயும் ஒரே ஓடையிலேதான் விழுகின்றன. கொசு பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கடிப்பதில்லை.

நாம் செய்யவேண்டியவை

பேச்சோடு போகாமல், வீட்டுக்குப் போனவுடன் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, கட்டுவதற்கு முன் கேட்பது. கொத்தனாரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னே மாநகர் மன்றத்துக்குப் போய், நம் மனையின் எல்லை எது, கால்வாய்க்கும் குழாய்க்கும் விடவேண்டிய இடம் எது என்று வரைபடத்தோடு கேட்டு, எழுத்து அனுமதி வாங்க வேண்டும். "எல்லாரும் கட்டியிருக்கிறார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் குத்தகைக்காரர், நோட்டீஸ் வரும் நாளிலே தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார்.

இரண்டாவது, வாசற்கால்வாய். மோட்டார் வண்டி ஏறுவதற்கு வழி வேண்டுமென்றால், அனுமதி பெற்று, தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பித் தட்டுப் போடலாம். வார்த்துவிட்ட சிமெண்டுத் தளம் வேண்டாம்.

மூன்றாவது, மேன்ஹோல் மூடி, செப்டிக் தொட்டி மூடி இரண்டையும் வெளியே தெரியும்படி வைப்பது. அரிசி கழுவிய நீர் போகலாம். சமையல் எண்ணெய்க் கழிவு குழாய்க்குள் போகக் கூடாது. அது உள்ளே உறைந்து கல்லாகிவிடும்.

நான்காவது, முன்பே கட்டிவிட்டவர்கள். அவர்களை நாம் குற்றவாளிக் கூண்டிலே ஏற்ற வரவில்லை. இடமில்லாக் குறையால் கட்டியவர்கள் அவர்கள். ஆனால், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கால்வாய்க்கு மேலுள்ள தளத்திலே திறந்து மூடக்கூடிய இடம் வைக்க முடியுமா, எதை மட்டும் எடுத்தால் போதும் என்று வரிசையிலுள்ள எல்லாரும் சேர்ந்து மன்றத்து அதிகாரியை அழைத்துக் கேளுங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் மடித்துப் பரணிலே போடாதீர்கள். குறித்த நாளுக்குள் பதில் எழுதி, அவகாசம் கேளுங்கள். தனியாகப் போனால் ஒருவன். கிளையோடு போனால் ஒரு வட்டாரம்.

ஐந்தாவது, வரிசைக்கு ஒரு குழு. மாதம் ஒரு ஞாயிறு காலையிலே வரிசையின் மேல் கோடியிலிருந்து கீழ்க் கோடி வரை நடந்து பார்த்தால் எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு என்பது தெரிந்துவிடும். அதை எழுதி மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நாட்டிலே ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஓட்டுப் போட்டு மாற்ற முடியாத இடத்திலே மனுப் போட்டுத்தான் பேச வேண்டும். ஆகவே, நம் மனு தெளிவாகவும் கணக்காகவும் இருக்க வேண்டும்.

தோழர்களே! தோட்டத்திலே இருந்தவரை கால்வாயைத் துரை பார்த்துக்கொண்டார். பார்க்காவிட்டால் துரையோடு சண்டை போட்டோம். சொந்த வீட்டுக்கு வந்தபின் நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே துரை இல்லை. கால்வாய் மட்டுமே இருக்கிறது. அது நம் வீட்டுக்கு உரியதும் அல்ல, அவர் வீட்டுக்கு உரியதும் அல்ல. மேல் வீட்டிலிருந்து வாங்கி, கீழ் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பொதுச் சொத்து. மேல் வீட்டுக்காரன் செய்வது கீழ் வீட்டுக்காரன் தலையில் விடியும் என்பதைச் சங்கத்தைவிட நன்றாகக் கற்றுக் கொடுக்கிற வாத்தியார் அதுதான்.

சந்தா கட்டும்போது இருக்கிற ஒற்றுமை பின்கட்டிலும் இருக்கட்டும். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தாமானிலிருந்தும் ஒவ்வொரு தோட்டத்துக் குடியிருப்பிலிருந்தும் இரண்டு பேர், தங்கள் கால்வாய்களின் நிலையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து நாம் மன்றத்துக்கும் நிர்வாகங்களுக்கும் கொண்டுபோவோம். பருவமழை நமக்காகத் தேதியைத் தள்ளி வைக்காது.